காத்தா இருக்கிறது, கடன் ஏன் இல்லை?
மைசூருவில் வீடு, மனை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய சொற்கள்

ரயில்வே பணிமனையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர், ஒரு நாள் காலை நமது மைசூருக் கிளைக்கு வந்தார். பூர்வீகம் சேலம் பக்கம். பிள்ளைகள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூரு. வெளிவட்டச் சாலைக்கு அப்பால், ஒரு கிராம ஊராட்சியின் எல்லையில், முப்பதுக்கு நாற்பது அடி மனை ஒன்றைப் பேசி முடித்திருந்தார். விலை 18 லட்சம் ரூபாய். முன்பணமாக 3 லட்சம் கொடுத்தாகிவிட்டது. மனை வாங்கவும் வீடு கட்டவும் சேர்த்துக் கடன் வேண்டும் என்பது அவர் விண்ணப்பம்.

கோப்பைப் புரட்டிப் பார்த்தோம். ஊராட்சி கொடுத்த காத்தா இருந்தது. கந்தாய ரசீதுகள் ஆண்டு தவறாமல் இருந்தன. முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தமும் இருந்தது. எனினும், அந்த மனைக்குக் கடன் வழங்க இயலாது என்று சொல்ல வேண்டிய நிலை நமக்கு. அவர் முகம் வாடியது. “காத்தாவை என் பெயருக்கே மாற்றித் தருவதாக விற்பவர் சொல்கிறார். கந்தாயத்தில் ஒரு ரூபாய் பாக்கியில்லை. பிறகு என்ன குறை, சார்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. நம்மிடம் வருவோரில் பலரும் கேட்கும் கேள்வியும் அதுவே. அவர் கையில் இருந்த தாள்களுள் எதுவும் போலியன்று. ஆயினும் ஒவ்வொரு தாளும் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அவருக்கு எவரும் விளக்கியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, வில்லங்கம் என்று கேட்டுப் பழகியவர்களுக்குக் கர்நாடகத்தின் காத்தா, பஹணி, அன்யக்ராந்தம் ஆகிய சொற்கள் மேலும் குழப்பம் தருகின்றன. அக்குழப்பத்தைக் களைவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கேள்விகள்

சொத்து ஆவணங்கள் அனைத்தையும் மூன்று கேள்விகளுக்குள் அடக்கிவிடலாம். முதலாவது, இச்சொத்து யாருக்கு உரியது? இரண்டாவது, இதற்கான வரியை யார் பெயரில் வசூலிக்கிறார்கள்? மூன்றாவது, இந்நிலத்தில் சட்டப்படி என்ன செய்யலாம்?

ஒரு கேள்விக்கான விடையை மற்றொன்றின் விடையாகக் கொள்வதே பெரும்பாலான இழப்புகளுக்கு வேர். நம் வாடிக்கையாளரின் கையில் இருந்த காத்தாவும் கந்தாய ரசீதும் இரண்டாம் கேள்விக்கு மட்டுமே விடை கூறின. முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் அவரிடம் விடை இல்லை. வங்கியோ மூன்றுக்கும் விடை கேட்கிறது. தான் கொடுக்கும் பணத்திற்காக மட்டும் வங்கி இவ்வாறு கேட்பதில்லை. கடன் முடிந்த பின்னும் அச்சொத்து வாங்கியவரிடமே நிலைக்க வேண்டும் அல்லவா?

முதல் கேள்வி: யாருக்கு உரியது?

உரிமையை மாற்றும் ஆவணம் கிரயப் பத்திரம். கன்னடத்திலும் இது கிரய பத்ர என்றே வழங்குகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தின் வழியாகவே நிகழ முடியும். அதே பிரிவு மற்றொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தின் மீது எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. ஒப்பந்தம் என்பது விற்பதாகக் கொடுத்த வாக்குறுதி. வாக்குத் தவறினால் நீதிமன்றம் செல்ல அது உதவும். வீட்டைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள உதவாது.

பொது அதிகாரப் பத்திரம், அதாவது மக்கள் வழக்கில் ஜி.பி.ஏ., மற்றொரு கண்ணி. உரிமையாளர் சார்பில் கையெழுத்திட ஒருவருக்குத் தரும் அதிகாரம் அது. முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டு, கிரயம் செய்யாமல் அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் உயிலையும் எழுதிக் கொடுத்து மனையைக் ‘கைமாற்றும்’ வழக்கம் நாடெங்கும் பரவியிருந்தது. 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், இவ்வகைக் கைமாற்றங்களால் உரிமை மாறாது என்று தீர்ப்பளித்தது. உண்மையான தேவைக்காக, குறிப்பாக வெளிநாட்டில் இருப்பவர் தம் உறவினருக்குத் தரும் அதிகாரப் பத்திரம் செல்லும். விற்பனைக்கு மாற்றாக அது ஆகாது.

பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்றும் எண்ணிவிடலாகாது. விற்பவருக்கு உண்மையில் உரிமை உண்டா என்று ஆராய்ந்து முடிவு செய்யும் பொறுப்பைச் சார்பதிவாளருக்கு 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் தரவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை மீண்டும் உறுதி செய்தது. இல்லாத உரிமையை ஒருவர் விற்றால், பதிவு முத்திரை அதை உள்ள உரிமையாக மாற்றிவிடாது. ஆகவே உரிமையை ஆராய வேண்டிய கடமை வாங்குபவருடையதே.

அதற்குத்தான் மூலப் பத்திரங்களைக் கேட்கிறோம். இன்றைய உரிமையாளருக்கு இச்சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று பின்னோக்கிச் செல்லும் தொடர் அறுபடாமல் இருக்க வேண்டும். வழக்குரைஞர்கள் பெரும்பாலும் முப்பது ஆண்டுத் தொடரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. காலவரையறைச் சட்டத்தின்படி, உரிமையின் அடிப்படையில் உடைமையை மீட்கத் தனியாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம். அரசு தொடுக்கும் வழக்குக்கும், அடமானத்தை மீட்கும் வழக்குக்கும் முப்பது ஆண்டுகள்.

தொடரில் ஒரு கண்ணி குடும்பச் சொத்தாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. வம்சவிருட்சம் என்னும் குடும்ப மரச் சான்றைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள அனைவரும் கையெழுத்திட்டார்களா என்று பார்க்க வேண்டும். மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு, மணமாகிச் சென்ற மகள்கள் விடுபட்ட பத்திரங்கள் நம் மேசைக்கு இன்றும் வருகின்றன. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான பிறப்புரிமை உண்டு என்பதைத் தமிழ்நாடு 1989-லும் கர்நாடகம் 1994-லும் தத்தம் திருத்தங்களால் நடைமுறைப்படுத்தின. 2005-இல் அது நாடு முழுமைக்கும் வந்தது. தந்தை அப்போது உயிருடன் இருந்தாரா என்பது பொருட்டன்று என 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. விடுபட்ட ஒரு கையெழுத்து, பல ஆண்டுகள் கழித்து ஒரு வழக்காக வாசலில் வந்து நிற்கக்கூடும்.

வில்லங்கச் சான்று சொல்வதும் சொல்லாததும்

கன்னடத்தில் ருணபார பிரமாண பத்ர எனப்படுவது நம் வில்லங்கச் சான்றிதழே. கேட்ட காலத்தில் பதிவான பரிமாற்றங்கள் இருந்தால் படிவம் 15-லும், ஒன்றும் இல்லையெனில் படிவம் 16-லும் சான்று கிடைக்கும். காவேரி 2.0 என்னும் அரசின் இணைய அமைப்பின் வழியே இதற்கு விண்ணப்பிக்கலாம்.

இச்சான்று பதிவுப் புத்தகத்தின் கண்ணாடி மட்டுமே. பதிவாகாத ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு, வரிப் பாக்கி, வாய்மொழிப் பாகப்பிரிவினை ஆகியவை அதில் தோன்றாமல் போகலாம். மூலப் பத்திரத்தை ஒரு வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைப்பதைச் சொத்து மாற்றுச் சட்டம் ஏற்கிறது. ஒப்படைப்புக் குறிப்பாணை பதிவாகாதிருந்தால் அதுவும் வில்லங்கச் சான்றில் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பவே, வங்கிகள் தம் அடமானங்களைச் செர்சாய் என்னும் மையப் பதிவகத்தில் பதிகின்றன. சிறு கட்டணம் செலுத்திப் பொதுமக்களும் அங்கே தேடலாம். விற்பவர் மூலப் பத்திரத்திற்கு மாறாக நகலை மட்டுமே காட்டுகிறார் எனில், அசல் எங்கே என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டாம் கேள்வி: யார் பெயரில் வரி?

காத்தா என்பது உள்ளாட்சி அமைப்பின் சொத்துப் பதிவேட்டில் உள்ள ஒரு கணக்கு. சொத்தின் எண், அளவு, வரி செலுத்த வேண்டியவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். வரி வசூலிப்பதற்கும், கட்டட அனுமதி, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பதற்கும் அது வேண்டும். எனினும் அது உரிமைப் பத்திரம் அன்று. வருவாய்ப் பதிவேட்டில் உள்ள பெயர் உரிமையைப் படைப்பதுமில்லை, அழிப்பதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. தமிழ்நாட்டின் பட்டாவுக்கும் இது பொருந்தும். ஒருவர் கந்தாயம் கட்டி வருகிறார் என்பதற்கு, அவர் கந்தாயம் கட்டி வருகிறார் என்பதற்கு மேல் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

காத்தாவிலும் வகை உண்டு. முறையான அனுமதி பெற்ற சொத்துகள் ஏ-காத்தா எனவும், அனுமதியில் குறையுள்ளவை வரி வசூலுக்காகத் தனிப் பதிவேட்டில் ஏற்றப்பட்டு பி-காத்தா எனவும் வழங்குகின்றன. கணினி வழித் தரப்படுவது இ-காத்தா. கிராம ஊராட்சிப் பகுதிகளில் இ-ஸ்வத்து என்னும் அமைப்பின் வழியே படிவம் 9, படிவம் 11 ஆகியவை தரப்படுகின்றன. முறையான அனுமதி இல்லாத சொத்துகளுக்குப் படிவம் 11-பி வருகிறது. நம் வாடிக்கையாளரிடம் இருந்தது இந்த 11-பி. ‘காத்தா இருக்கிறதா?’ என்று கேட்பதுடன் நிறுத்தாமல், ‘எந்தக் காத்தா?’ என்றும் கேட்க வேண்டியது இதனால்தான்.

விவசாய நிலத்திற்குக் காத்தாவின் இடத்தில் இருப்பது பஹணி. ஆர்.டி.சி. என்றும் இதைச் சொல்வர். தமிழ்நாட்டுச் சிட்டாவும் அடங்கலும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற பதிவு எனலாம். சர்வே எண், பரப்பு, உரிமைதாரர் பெயர், பயிர் விவரம் ஆகியவை இதில் உள. பூமி என்னும் கணினித் திட்டத்தின் வழியே இதன் நகலைப் பெறலாம். ஒரு மனை எந்தச் சர்வே எண்ணில் அமைந்துள்ளது என்பதை அந்த இடத்தில் நின்றபடியே அறிய, திசாங்க் என்னும் கைப்பேசிச் செயலியைக் கர்நாடக அரசு வழங்கியுள்ளது.

மூன்றாம் கேள்வி: இந்நிலத்தில் என்ன செய்யலாம்?

நம் வாடிக்கையாளரின் கோப்பு நின்றுபோனது இங்கேதான். அவர் வாங்கவிருந்த மனை, பஹணியில் இன்னும் விவசாய நிலமாகவே இருந்தது. விவசாய நிலத்தைக் குடியிருப்புக்கு மாற்றுவதற்கான அனுமதியைக் கர்நாடக நில வருவாய்ச் சட்டம், 1964-இன் 95-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அங்கே அப்பதவியின் பெயர் டெபுடி கமிஷனர் ஆதலால், மக்கள் இதை டி.சி. கன்வர்ஷன் என்கின்றனர், பழைய தாள்களில் அன்யக்ராந்தம் என்றிருக்கும்.

நில மாற்றம் முதற்படி மட்டுமே. அந்நிலத்தை மனைகளாகப் பிரிக்க, 1961-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி மனைப்பிரிவு வரைபடத்திற்குத் திட்டக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். சாலை, பூங்கா, பொதுப் பயன்பாட்டு இடம் ஆகியவற்றை ஒதுக்கி ஒப்படைத்து, பணிகளை முடிக்கும் அளவுக்கேற்ப மனைகள் விற்பனைக்கு விடுவிக்கப்படும். ஆகவே வரைபட ஒப்புதலோடு, நீங்கள் வாங்கும் எண்ணுள்ள மனை விடுவிக்கப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். இப்படிகள் எவையும் இன்றி, வயலில் கல் நட்டுப் பிரித்து விற்கப்படுவதை ரெவின்யூ மனை என்பர். விலை குறைவாகத் தோன்றுவதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. செலுத்தப்படாத கட்டணங்களும் விடப்படாத பூங்காவும்தான் அந்தக் குறைவு.

மைசூருவில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் இங்கே 1903-இலேயே தோன்றியது. 1987-ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் 1988-இல் அது மைசூரு நகர்ப்புற மேம்பாட்டு ஆணையம் ஆயிற்று. மக்கள் வாயில் முடா. அண்மையில் தனிச் சட்டத்தால் மைசூரு மேம்பாட்டு ஆணையம் ஆகியுள்ளது. பத்திரத்தின் வயதுக்கேற்ப இம்மூன்று பெயர்களுள் எதுவும் அதில் இருக்கலாம். கண்டு மயங்க வேண்டாம்.

ஆணையம் ஒதுக்கிய மனையாயின் மேலும் இரு சொற்கள் வரும். முதலில் தரப்படுவது குத்தகையுடன் கூடிய விற்பனை ஒப்பந்தம். அந்தக் குத்தகைக் காலத்தில் மனையை விற்க ஒதுக்கீடு பெற்றவருக்கு உரிமையில்லை. காலம் நிறைவுற்று நிபந்தனைகளும் நிறைவேறிய பின் தரப்படுவதே சுத்தக் கிரயப் பத்திரம். இதைக் காணாமல் முன்பணம் தர வேண்டாம்.

நகரை ஒட்டிய கிராமங்களில் வாங்குவோர் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலங்களை அரசின் முன் அனுமதியின்றி வாங்க முடியாது. வாங்கினால் அது செல்லாது என்கிறது 1978-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம். பல கை மாறி வந்த நிலத்திற்கும் இது பொருந்தும்.

அளவு: குண்டே முதல் கார்ப்பெட் ஏரியா வரை

தமிழ்நாட்டில் சென்ட், கிரவுண்ட், கர்நாடகத்தில் குண்டே. நாற்பது குண்டே ஓர் ஏக்கர். ஒரு குண்டே 1,089 சதுர அடி, அதாவது இரண்டரை சென்ட். முப்பதுக்கு நாற்பது மனை 1,200 சதுர அடி. நமக்குப் பழகிய அளவில் அரை கிரவுண்ட், ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். வீட்டின் பரப்பைச் ‘சதுரம்’ என்று சொன்னால் நூறு சதுர அடி எனக் கொள்க.

அடுக்குமாடி வீட்டில் மூன்று அளவுகள் பேசப்படும். கார்ப்பெட் ஏரியா என்பது வீட்டினுள் பயன்படும் தரைப்பரப்பு. உட்புறத் தடுப்புச் சுவர்கள் இதில் சேரும். வெளிச்சுவர், குழாய்கள் செல்லும் இடைவெளி, உங்களுக்கான பால்கனி, திறந்த மாடி ஆகியவை சேரா. வெளிச்சுவரும் பால்கனியும் சேர்ந்தால் பில்ட்-அப் ஏரியா. படிக்கட்டு, மின்தூக்கி, நடைவழி ஆகியவற்றில் உங்கள் பங்கையும் கூட்டிச் சொல்வது சூப்பர் பில்ட்-அப் ஏரியா. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் இந்த மூன்றாவது அளவே. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016 வரையறுத்திருப்பது கார்ப்பெட் ஏரியாவை. இரு வீடுகளின் விலையை ஒப்பிடும்போது இந்த அளவால் வகுத்துப் பாருங்கள்.

நிலத்தில் உங்களுக்குள்ள பங்கு பிரிபடாப் பங்கு எனப்படும். கட்டடம் பழையதாகும், நிலம் பழையதாகாது. எத்தனை சதுர அடி பிரிபடாப் பங்கு என்பது கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மக்கள் ரெரா என்றழைக்கும் அச்சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமைவன, எட்டு வீடுகளுக்கு மிகாதன ஆகியவை நீங்கலாகத் திட்டங்கள் ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதம் அத்திட்டத்திற்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிய வந்தால் கட்டுநர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

கட்டி முடித்த வீடாயின் குடியேற்றச் சான்றிதழைக் கேளுங்கள். அனுமதித்த வரைபடப்படியே கட்டடம் எழுந்துள்ளது என்பதற்கு அதுவே சான்று. பணி நிறைவு அல்லது குடியேற்றச் சான்றைச் சரிபார்த்த பின்னரே கட்டடத்தின் பேரில் வங்கிகள் கடன் வழங்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியுள்ளது.

பணம்: விலைக்கு அப்பால் உள்ளவை

வழிகாட்டி மதிப்பு என்பது ஒவ்வொரு பகுதிக்கும் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு. பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் முத்திரைத் தீர்வை கணக்கிடப்படும்.

மைசூரு நகர எல்லைக்குள் 60 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குவதாகக் கொள்வோம். வழிகாட்டி மதிப்பு அதைவிடக் குறைவு. முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதாவது 3,00,000 ரூபாய். அத்தீர்வையின் மேல் 10 சதவீத செஸ் 30,000. நகர்ப்புறக் கூடுதல் தீர்வை 2 சதவீதம் 6,000. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்தது, ஆகவே 1,20,000. மொத்தம் 4,56,000 ரூபாய்.

கடன் எவ்வளவு கிடைக்கும்? ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேல் 75 சதவீதமும் உச்ச வரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாக இம்மதிப்பில் சேரா. நம் எடுத்துக்காட்டில் கடன் 48 லட்சத்துக்கு மிகாது. மீதி 12 லட்சத்துடன் பதிவுச் செலவையும் சேர்த்தால், உங்கள் கையிலிருந்து 16,56,000 ரூபாய் வேண்டும். ‘12 லட்சம் இருந்தால் போதும்’ என்று நம்பி முன்பணம் கொடுத்தவர்கள், பதிவு நாளுக்கு முன் அதிக வட்டிக்குக் கைமாற்று வாங்க நேர்வது இந்த இடத்தில்தான்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆயின், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்துவது வாங்குபவரின் கடமை. இது கூடுதல் செலவன்று, விலையிலிருந்தே கழிவது. விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியராயின் விதி வேறு. தணிக்கையாளரிடம் கேட்டுச் செய்க.

கடன் பெறும்போது முக்கிய விவர அறிக்கை என்னும் தாளைக் கேட்டுப் படியுங்கள். வட்டி, கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் இருக்கும். தனிநபர் பெற்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் பத்திரங்களைக் கடன் தந்த நிறுவனம் திருப்பித் தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி.

ஒரு வரி

நம் வாடிக்கையாளர் என்ன ஆனார்? அவர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாதிருந்தது. ‘ஆவணக் குறையினால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும்’ என்னும் வரி அது. பல மாதங்கள் நடையாய் நடந்து, 3 லட்சத்தில் 2 லட்சத்தை மீட்டார். மீதியை விட்டுவிட்டார். ‘வழக்குப் போட்டு அலைய இந்த வயதில் தெம்பில்லை’ என்றார். சேமநிதியிலிருந்து எடுத்த பணம் அது.

பின்னர் ஆணையத்தின் மனைப்பிரிவில், இருபதுக்கு முப்பது அடி மனையில் சிறு வீடொன்றைப் பார்த்தார். இம்முறை முன்பணம் கொடுக்கும் முன்பே நகல்களுடன் நம்மிடம் வந்தார். சுத்தக் கிரயப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, காத்தா, கந்தாய ரசீது, கட்டட அனுமதி என ஒவ்வொன்றாக மேசைமேல் வைத்தார். ‘இது முதல் கேள்விக்கு, இது இரண்டாவதுக்கு’ என்று அவரே பிரித்துச் சொன்னார். அந்தக் கோப்புக்குக் கடன் வழங்க நமக்குத் தடையேதும் இருக்கவில்லை.

வாடிக்கையாளர்களை நாம் வேண்டுவது இது ஒன்றே. கடன் விண்ணப்பத்துடன் வருவதற்கு முன், முன்பணம் தருவதற்கும் முன், நகல்களுடன் ஒருமுறை வாருங்கள். அந்த ஒரு நாள் தாமதத்தால் கைநழுவிப் போகும் வீடு, பெரும்பாலும் நழுவ வேண்டிய வீடாகவே இருக்கும்.

நினைவில் கொள்ள: கர்நாடகச் சொல்லும் தமிழ்ச் சொல்லும்

கிரய பத்ர – கிரயப் பத்திரம்
சுத்த கிரய பத்ர – சுத்தக் கிரயப் பத்திரம்
ருணபார பிரமாண பத்ர – வில்லங்கச் சான்றிதழ்
விபாக பத்ர – பாகப்பிரிவினைப் பத்திரம்
தான பத்ர – தானப் பத்திரம்
ஹக்கு குலாசெ – விடுதலைப் பத்திரம்
வம்சவிருட்சம் – குடும்ப மரச் சான்று
பஹணி – சிட்டா, அடங்கல் போன்ற நிலப் பதிவு
காத்தா – உள்ளாட்சியின் சொத்துவரிக் கணக்கு
கந்தாயம் – சொத்துவரி
நிவேசன – வீட்டு மனை
அன்யக்ராந்தம் – விவசாய நிலத்தைப் பிற பயனுக்கு மாற்றுதல்
மார்க்கசூசி பெலெ – வழிகாட்டி மதிப்பு